நாற்பத்தோராவது மாதிரி

அத்தியாயம் பதினான்கு

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தை அண்ணி மூன்று நாள்களாகக் கைப்பையிலேயே சுமந்துகொண்டிருந்தாள். ஒழுங்கு விசாரணைக்கு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் வருமாறு அதில் எழுதியிருந்தது. அதே நாளும் அதே மணியும் குறித்த இன்னொரு கடிதம் அவளுடைய நாத்தனாருக்கும் போயிருந்தது. இருவரும் தனித்தனியே எழுதிச் சமர்ப்பித்திருக்க வேண்டிய கணினி நிரல்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒன்றாகவே இருந்தன என்பதுதான் குற்றச்சாட்டு. நாத்தனார் சனிக்கிழமை மாலையே அனுப்பிவிட்டாள். அண்ணி ஞாயிற்றுக்கிழமைதான் அனுப்பினாள். பிந்தி அனுப்பியவர்மீதுதானே சந்தேகம் முதலில் விழும்?

இடையில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு சொல். அண்ணி பதினோராண்டுகள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். நாத்தனாரோ விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதியவள். வீட்டில் எல்லாருக்கும் அவள் 'சின்னது'. வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் ஓராண்டில் கணினித் துறைக்கு மாறிக்கொள்வதற்கென்று நடக்கும் முதுகலைப் படிப்பில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். படிப்பு முடிய இன்னும் ஆறு வாரங்களே இருந்தன. பழைய பரிசோதனைக்கூடம் தன் கணினிப் பிரிவில் அண்ணிக்கென்று ஓரிடத்தைக் காலியாக வைத்திருந்தது. அந்த ஆறு வாரங்களுக்குமேல் அவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

அன்று காலை, அவளுடைய கணவன் உணவு மேசையில் அமர்ந்து, கார்ச் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தான்.

அவன் ஓட்டுநர் உரிமத் தேர்வாளன். டயரின் ஓரம் வெள்ளைக் கோட்டை நூலளவு உரசினாலும் "போய்ட்டு அடுத்த மாசம் வாங்க" என்று சிரித்த முகத்தோடு திருப்பியனுப்புவதில் ஊர் முழுக்கப் பெயர் பெற்றவன்.

"பதினொரு மணிக்குத்தானே? நானே கொண்டுபோய் விடறேன். போற வழியில சின்னதையும் ஏத்திக்கலாம்" என்றான்.

"எனக்கு ஒண்ணுதான் புரியலை. நான் எழுதினதும் அவ எழுதினதும் எப்படி ஒண்ணா இருக்கும்? மூணு நாளா யோசிச்சு மண்டை காயுது. காலேஜ் கம்ப்யூட்டர்தான் ஏதோ குழப்பிடுச்சுன்னு நினைக்கிறேன்."

அவன் சாவியை எடுத்து, அதன் நுனியைக் கூர்ந்து பார்த்தான். பிறகு மறு காதுக்குப் போனான்.

"கம்ப்யூட்டர் எதுவும் குழப்பலை. நான்தான் குடுத்தேன்."

"எதை?"

"உன்னோடதைத்தான். பாவம், அவளால முடியலை. போன்ல ஒரே அழுகை. உன் லேப்டாப்பு இங்க சும்மாதானே கிடந்துச்சு? கடைக்குப் போயா வாங்கணும்?"

பதினோராண்டுகளில் அண்ணி பார்க்காத அசுத்தமில்லை. சளி, சீழ், மலம், மூன்று நாள் வெயிலில் கிடந்து வந்த சிறுநீர்ப் புட்டி எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் திறந்து, பார்த்து, எழுதி, கை கழுவியவள் அவள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும்போதும், "அதுவும் மனுஷங்க உடம்புலேருந்து வந்ததுதானே" என்பாள். அப்படிப்பட்டவளால் அன்று அந்தச் சாவியின் நுனியைப் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கலை."

இதில் தான் ஏதோ கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக அவனுக்கு ஒரு சிரிப்பு வேறு.

"இங்க பாரு, நான் ரூல்ஸ் புக்கை முழுசாப் படிச்சாச்சு. சின்னது திருடினான்னு முடிவானா, அவளை வெளிய அனுப்பிடுவாங்க. நீயே மனசு வந்து குடுத்தேன்னு சொல்லிட்டா, ரெண்டு பேரும் அந்தப் பாடத்தை அடுத்த வருஷம் திரும்ப எழுதினாப் போதும். பாம்பும் செத்துச்சு, தடியும் உடையலை."

"என் வேலை?"

"எங்க ஓடிடப் போகுது? பழையபடி ரத்தம் எடுக்கப் போயேன். ஜனங்க உடம்புல ரத்தம் வத்தியா போச்சு?"

அண்ணி அவனை நேராகப் பார்த்தாள்.

"உங்ககிட்ட டெஸ்டுக்கு வர்றவன், 'சார், வண்டியை என் மச்சினன் ஓட்டுவான், லைசென்சை மட்டும் எனக்குக் குடுங்க'ன்னு கேட்டா குடுப்பீங்களா?"

"அது வேற. அது சட்டம். இது குடும்பம்."

சொல்லிவிட்டு, சாவியை மேசை விரிப்பின் ஓரத்தில் அழுந்தத் துடைத்தான்.

அண்ணி எழுந்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்களையில் வைத்தாள். பிறகு அந்த விரிப்பை மேசையிலிருந்து உருவி, இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் போட்டாள்.

"ஏய், அது புதுசு!"

"தெரியும். நான் பஸ்ல போய்க்கறேன்."

*

துறைக் கட்டடத்தின் இரண்டாம் மாடி நடையில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. அண்ணிக்குத் துணையாக வகுப்புத் தோழி ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தாள். பதினாறு ஆண்டுகள் மாவு பிசைந்துவிட்டுக் கணினி படிக்க வந்தவளாதலால், வகுப்பில் அவளுக்குப் பேக்கரி என்றே பெயர்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் பேக்கரி. "உங்க வீட்டுக்காரர் என்னை மூணு தடவை ஃபெயில் பண்ணியிருக்காரு. மூணாவது தடவை டயர் கோட்டைத் தொடக்கூட இல்லை. 'தொடற மாதிரி வந்தீங்க'ன்னாரு."

அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது. அதன் பின்னாலேயே காலையில் பார்த்த அந்தச் சாவி நுனியும் நினைவுக்கு வந்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தத்துக்கு முன்பாக வாசனைத் திரவியத்தின் நெடி ஏறி வந்தது. சின்னது வந்துகொண்டிருந்தாள். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவளைப்போல உடுத்தியிருந்தாள். பேக்கரி நாகரிகம் கருதி, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்துபோனாள்.

"அண்ணி, அண்ணன் காலைல உங்ககிட்டச் சொல்லிட்டானா?"

"சொன்னாரு."

"அப்பாடா! எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை. நீங்க என்ன நினைச்சுப்பீங்களோன்னு." அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவமா?"

"மூணு நாள் முன்னாடி போன்ல என்ன சொன்னே? 'எனக்கு ஒண்ணுமே தெரியாது அண்ணி, சத்தியமா'ன்னு சொன்னியே?"

"பயத்துல சொன்னது அண்ணி. அதை விடுங்க. நான் ஒண்ணும் திருடலையே? அண்ணன் குடுத்தான், வாங்கிக்கிட்டேன். நம்ம வீட்டுக்குள்ளயே இருந்ததுதானே? உங்க புடவையை நான் கட்டினதில்லையா?"

அண்ணி தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். பரிசோதனைக்கூடத்துப் பழக்கத்தில், அந்தக் கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"புடவையைக் கட்டினா புடவையைக் கட்டினேன்னு சொல்லுவே. நானே நெய்தேன்னு சொல்லமாட்டே."

கதவு திறந்தது. சின்னதைத்தான் முதலில் அழைத்தார்கள்.

*

துறைத் தலைவி ஐம்பது வயதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். அவருக்குப் பக்கத்தில் குறிப்பெடுக்க எழுத்தர் ஒருவர் அமர்ந்திருந்தார்.

கொடுக்கப்பட்டிருந்த வேலை எளிமையானதுதான். நகரப் பேருந்து ஒன்றின் நாற்பது பயணங்களின் விவரங்களை மாணவர்களிடம் கொடுத்திருந்தார்கள். ஓடிய தூரம், நின்ற நிறுத்தங்கள், ஏறிய பயணிகள், மழை உண்டா இல்லையா என்பவற்றைக் கொண்டு, அடுத்த பயணம் எத்தனை நிமிடம் தாமதமாகும் என்று கணித்துச் சொல்லும் நிரலை ஒவ்வொருவரும் தாமாகவே எழுதவேண்டும்.

"இது நீங்களே எழுதினதா?" என்று துறைத் தலைவி கேட்டார்.

"ஆமா மேடம். ராவும் பகலுமா உக்காந்து எழுதினேன்."

"நான் குடுத்தது நாற்பது பயணம். உங்க ஃபைல்ல நாற்பத்தொண்ணு இருக்கு. அந்தக் கடைசி ஒண்ணு என்ன?"

சின்னது அதை அதுவரை கவனித்ததேயில்லை. ஆனாலும் பத்தாண்டு விளம்பர அனுபவம் வீண்போகுமா? ஒரு நொடியில் முகத்தில் புன்னகை வந்துவிட்டது.

"அது எக்ஸ்பிரஸ் பஸ் மேடம். கூடுதலா ஒண்ணு சேர்த்தா இன்னும் ரிச்சா இருக்கும்னு சேர்த்தேன்."

"எக்ஸ்பிரஸா?"

"ஆமா மேடம். பாருங்க, நின்ன நிறுத்தம் பூஜ்யம்னு போட்டிருக்கேன். எங்கயும் நிக்காது."

துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளை இன்னும் அருகில் பிடித்தார்.

"ஓடின தூரமும் பூஜ்யம்னு இருக்கே? ஏறின பயணியும் பூஜ்யம். எங்கயும் நிக்காத, எங்கயும் போகாத, யாரும் ஏறாத எக்ஸ்பிரஸா?"

எழுத்தருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

சின்னதின் புன்னகை மெல்ல வடிந்தது. அவள் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதை அவள் கடைசி ஆயுதமாக வைத்திருந்தாள்.

"சரி மேடம், உண்மையைச் சொல்லிடறேன். எங்க அண்ணிதான் எனக்கு உதவியா அனுப்பினாங்க. இதோ, அவங்க போட்ட மெயில்."

*

அண்ணியை உள்ளே அழைத்தார்கள். சின்னதை அப்படியே ஓரத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

"அந்த நாற்பத்தோராவது பயணம் என்னன்னு நீங்க சொல்லுங்க" என்றார் துறைத் தலைவி.

"அது டிப்போவை விட்டே கிளம்பாத பஸ் மேடம்."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க லேப்ல தினமும் காலைல முதல் வேலையா ஒரு ரத்த மாதிரியை மெஷின்ல வைப்போம். அதுல சர்க்கரை, உப்பு எவ்வளவுன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். மெஷின் அதைச் சரியாச் சொன்னாத்தான், நோயாளிங்க ரத்தத்தையே உள்ள வைப்போம். தப்பாச் சொன்னா, அன்னிக்கு ஒரு ரிப்போர்ட்டும் வெளிய போகாது. அதே பழக்கம் இங்கயும் வந்துடுச்சு. கிளம்பாத பஸ்ஸுக்குத் தாமதம் பூஜ்யம்தானே? என் ப்ரோக்ராம் அதுக்கு ரெண்டு நிமிஷம் லேட்டுன்னு சொன்னா, மத்த நாற்பதுக்கும் அது சொல்றதை நம்பக்கூடாது."

"சொல்லுச்சா?"

"முதல்ல நாலு நிமிஷம்னு சொல்லுச்சு மேடம். ஒன்றரை நாள் தேடி, ஒரு கழித்தல் தப்பைக் கண்டுபிடிச்சேன்."

துறைத் தலைவியின் முகத்தில் மெல்லிய ஒளி ஒன்று தோன்றி மறைந்தது. முப்பதாண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு எப்போதாவது கிடைக்கும் கூலி அது.

"எழுதினது நீங்கதான். எனக்குச் சந்தேகமில்லை. ஆனா, குடுத்தவங்களும் குத்தவாளிதான்னு விதி இருக்கு." அவர் அந்தத் தாளை மேசையில் நகர்த்தினார். "இது உங்க மெயில் கணக்குலேருந்து போயிருக்கு."

அண்ணி எடுத்துப் படித்தாள்.

'என் செல்லச் சின்னதுக்கு, இதை அப்படியே எடுத்துக்கோ. உனக்கு இல்லாததா? அன்பு முத்தங்களுடன், உன் அண்ணி.'

ஒருமுறை படித்தாள். இன்னொருமுறை படிக்க மனம் ஒப்பவில்லை. காலையில் "நான்தான் குடுத்தேன்" என்றானே, எப்படிக் கொடுத்தான் என்று அவன் சொல்லவுமில்லை. இவளுக்குக் கேட்கத் தோன்றவுமில்லை. அவளுடைய மேசையில் உட்கார்ந்து, அவளுடைய விசைப்பலகையை அந்த விரல்களால் தட்டி, அவளுடைய பெயரில் முத்தம்வரை எழுதியிருக்கிறான். பத்தாண்டு இல்லற வாழ்வில் அவளுக்கு அவன் இவ்வளவு இனிப்பாக ஒரு வரி எழுதியதில்லை.

"இதை நான் எழுதலை மேடம்."

"எப்படி நம்பறது?"

"போன நேரத்தைப் பாருங்க. சனிக்கிழமை, மூணு பத்து."

துறைத் தலைவி பார்த்தார். பார்த்தவர், நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். சனிக்கிழமை இரண்டிலிருந்து நான்கு மணிவரை அந்த வகுப்பு முழுவதும் எழுத்துத் தேர்வில் இருந்தது. மேற்பார்வையிட்டவர் அவரேதான். எல்லாருடைய கைபேசிகளும் அவருடைய மேசையில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன.

"நீங்க முதல் வரிசையில இருந்தீங்க" என்றார் மெதுவாக.

"ஆமா மேடம்."

"அப்ப, உங்க கம்ப்யூட்டரை வேற யார் திறக்க முடியும்?"

ஓரத்து நாற்காலியிலிருந்து, "அண்ணி, வேண்டாம்" என்று மிகச் சன்னமான குரல் வந்தது.

"என் கணவர்" என்றாள் அண்ணி.

துறைத் தலைவி எண்ணைக் கேட்டு வாங்கி, மேசைத் தொலைபேசியில் அழுத்தினார். எல்லாருக்கும் கேட்கும்படியாக ஒலிபெருக்கியையும் போட்டார்.

"வணக்கம். சொல்லுங்க." அலுவலகக் குரல், கனமும் கண்ணியமும் நிறைந்த குரல்.

துறைத் தலைவி தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, அந்த மின்னஞ்சலை அனுப்பியது யார் என்று கேட்டார்.

"என் வைஃப்தான் மேடம். பக்கத்துலேயே உக்காந்து பார்த்தேனே? 'பாவம் சின்னது, குடுத்துடறேங்க'ன்னு அவளே ரெண்டு தடவை சொன்னா. ரொம்ப இளகின மனசு மேடம் அவளுக்கு. பெரிய மனசு பண்ணி விட்டுடுங்க."

"எத்தனை மணி இருக்கும்? ஞாபகம் இருக்கா?"

"மத்தியானம் மூணு, மூணே கால். ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டிருந்தோம். நான் எக்ஸாமினர் மேடம். நேர விஷயத்துல தப்பே விடமாட்டேன்."

"ரொம்ப நன்றி" என்று துறைத் தலைவி வைத்துவிட்டார்.

எழுத்தர் பேனாவைத் தாளின்மேல் வைத்தபடியே இருந்தார். என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"டீயில சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு கேட்டிருந்தா, அதையும் சொல்லியிருப்பாரு" என்றார் துறைத் தலைவி.

அண்ணிக்கு அழுகை வருமென்று எழுத்தர் எதிர்பார்த்தார்போலும். தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. கெட்டுப்போன மாதிரியை மூடி திறந்ததும் அறிந்துகொள்பவளுக்கு வரும் அருவருப்புத்தான் வந்தது. அத்தகைய மாதிரியை யாரும் திருத்துவதில்லை; அதன்மேல் குறிப்பெழுதி விலக்கி வைப்பார்கள்.

"இன்னும் ஒரே கேள்வி" என்றார் துறைத் தலைவி. "இந்த மெயில் நீங்க அனுப்பினதில்லைன்னு உங்க நாத்தனாருக்குத் தெரியுமா? யோசிச்சுச் சொல்லுங்க. தெரிஞ்சே கொண்டுவந்திருந்தா, அவங்க இந்தப் படிப்புல இருக்க முடியாது."

சின்னது எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் கூப்பினாள்.

அண்ணி அவள் பக்கம் திரும்பவில்லை.

"தெரியும் மேடம். தேர்வுல எனக்கு ரெண்டு வரிசை பின்னாடி உக்காந்திருந்தா. வெளிய நடையில, அண்ணன் குடுத்தான்னு அவ வாயாலேயே சொன்னா."

எழுத்தரின் பேனா ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் சின்னது கூப்பிய கைகளைப் பிரித்தாள். அவளுடைய முகத்திலிருந்த கெஞ்சல் துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டது.

"எழுதறதுதான் எழுதறீங்க, முழுசா எழுதிக்கோங்க" என்றாள். "அண்ணன் குடுத்தது இது ஒண்ணு மட்டும் இல்லை. முதல் பாடத்துலேருந்து எல்லாமே அவங்களோடதுதான். மத்ததையெல்லாம் உக்காந்து மாத்தி எழுதினேன். இதுக்கு நேரமில்லை, அவ்வளவுதான்."

அண்ணி இப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"எத்தனை?"

"பதினொண்ணு."

துறைத் தலைவி கண்களை மூடித் திறந்தார்.

"அப்படின்னா, உங்க ரெண்டு பேரோட பதினொரு வேலையையும் திரும்ப எடுத்துப் பார்க்கணும். யார் எதை எழுதினாங்கன்னு முடிவாகிற வரைக்கும் ரெண்டு பேர் மார்க்கையும் நிறுத்தி வைக்கணும். அது விதி. எப்படியும் எட்டு வாரம் ஆகும்." பிறகு, அண்ணியைப் பார்த்துச் சற்றே தணிந்த குரலில், "என் கையில ஒண்ணும் இல்லை" என்றார்.

பரிசோதனைக்கூடம் ஆறு வாரத்துக்குமேல் காத்திருக்காது என்பது அண்ணிக்குத் தெரியும். அவள் எழுந்துகொள்ளவில்லை. கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பதினொண்ணையும் இப்பவே எடுங்க மேடம். ஒவ்வொண்ணுலயும் எந்த வரி எதுக்கு, எங்க தப்பு பண்ணேன், எப்படித் திருத்தினேன்னு நான் இங்கயே உக்காந்து சொல்றேன். அதையே அவகிட்டயும் கேளுங்க."

"இன்னிக்கு முடியாதும்மா. ஒண்ணுக்கு ஒரு மணி நேரம் வச்சாலும், ராத்திரி ஆயிடும்."

"ஆகட்டும் மேடம். வீட்டுக்குப் போக எனக்கு அவசரமில்லை."